கால் பங்கின் வரலாறு: அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டில் கலப்புப் பரிமாற்றச் சார்பியங்களின் தோற்றமும் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

மூலக்கூறுகள், திண்மங்கள் ஆகியவற்றின் எலக்ட்ரான் அமைப்பைக் கணிப்பதற்கு இன்று மிகப் பரவலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று கலப்புப் பரிமாற்றச் சார்பியம். துல்லியமான பரிமாற்ற ஆற்றலின் ஒரு பங்கையும் தோராயமான பரிமாற்ற ஆற்றலின் எஞ்சிய பங்கையும் சேர்ப்பதே இதன் அடிப்படை. அப்பங்கு எவ்வளவு என்னும் வினாவிற்கு 1993இல் பாதி என்றும், அதே ஆண்டில் ஐந்தில் ஒன்று என்றும், 1996இல் கால் என்றும் விடைகள் தரப்பட்டன. இவ்வெண்கள் எவ்வாறு தோன்றின, எவ்வழியே நிலைபெற்றன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கோட்பாடு, சோதனைத் தரவு, கணினி நிரல் ஆகிய மூன்றும் இவ்வெண்களின் ஏற்பில் பங்கு கொண்டுள்ளன என்பதும், நிரலின் பங்கு ஆய்வேடுகளில் உரியவாறு பதிவு செய்யப்படுவதில்லை என்பதும் இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, பரிமாற்ற ஆற்றல், கலப்புச் சார்பியம், பி3எல்ஒய்பி, பிபிஇ0, எச்எஸ்இ, அறிவியல் வரலாறு

முன்னுரை

2001ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி என்னும் ஆய்விதழில் ஒரு கோட்பாட்டிற்கு இரங்கற்குறிப்பு வெளியாயிற்று. அதை எழுதியவர் பீட்டர் கில் என்னும் கோட்பாட்டு வேதியியலர். அடர்த்திச் சார்பியக் கோட்பாடு 1927இல் பிறந்து 1993இல் மறைந்தது என அங்கதச் சுவையுடன் அவர் எழுதினார். மறைவுக்குரிய ஆண்டாக அவர் குறித்த 1993, கனடாவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆக்செல் பெக்கி, அக்கோட்பாட்டினுள் ஹார்ட்ரீ–ஃபாக் முறையின் பரிமாற்ற ஆற்றலைக் கலந்த ஆண்டாகும். எலக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே கொண்டு எல்லாவற்றையும் விளக்க முற்பட்ட கோட்பாடு, தான் விலக்கிய அலைச்சார்பு முறையிடமே கடன் பெற்றதால் தன் தனித்தன்மையை இழந்தது என்பது அவ்வங்கதத்தின் உட்பொருள்.

2014இல் நேச்சர் இதழ், அறிவியல் வரலாற்றில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. அதில் ஏழாம் இடத்தை லீ, யாங், பார் ஆகியோரின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையும், எட்டாம் இடத்தைப் பெக்கியின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையும் பெற்றன. பி3எல்ஒய்பி எனப்படும் கலப்புச் சார்பியத்தின் இரு தூண்கள் இவை. கோட்பாடு இறந்ததாகக் குறிக்கப்பட்ட ஆண்டே அதன் பயன்பாடு பெருகத் தொடங்கிய ஆண்டாகவும் அமைந்தது. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஓர் எண்ணை உள்ளீடாகக் கொண்டு மற்றோர் எண்ணைத் தருவது சார்பு. ஒரு சார்பு முழுவதையும் உள்ளீடாகக் கொண்டு ஓர் எண்ணைத் தருவது இங்குச் ‘சார்பியம்’ எனப்படுகிறது. ‘சார்பியல்’ என்னும் சொல் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைக் குறித்து நிலைபெற்றுவிட்டமையால் இவ்வேறுபாடு பேணப்படுகிறது. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்பது ஒரு சார்பு. அவ்வடர்த்தி முழுவதிலிருந்தும் பெறப்படும் ஆற்றல் ஒரு சார்பியம்.

பரிமாற்ற ஆற்றல்: சிக்கலின் தோற்றம்

1927இல் லூவெலின் தாமஸும் என்ரிகோ ஃபெர்மியும் தனித்தனியே, அணுவின் ஆற்றலை எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டே எழுத முயன்றனர். 1930இல் பால் டிராக் அதனுடன் பரிமாற்ற ஆற்றலுக்கான ஓர் எளிய வாய்பாட்டைச் சேர்த்தார். ஆயினும் தாமஸ்–ஃபெர்மி முறையில் எந்த மூலக்கூறும் பிணைந்து நிற்காது என்பதை 1962இல் எட்வர்ட் டெல்லர் காட்டினார். வேதியியலுக்கு அடிப்படையான பிணைப்பையே விளக்க இயலாத கோட்பாட்டால் வேதியியலருக்குப் பயனேதுமில்லை.

மற்றொரு புறம் டக்ளஸ் ஹார்ட்ரீயின் 1928ஆம் ஆண்டு முறையை விளாதிமிர் ஃபாக் 1930இல் செம்மைப்படுத்தினார். இரு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் அலைச்சார்பின் குறி மாறவேண்டும் என்னும் குவாண்டம் நெறியை இம்முறை முழுமையாகப் பின்பற்றுகிறது. அந்நெறியிலிருந்து கிடைக்கும் ஆற்றல் பகுதியே பரிமாற்ற ஆற்றல். ஒரே தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அண்டாமல் விலகி நிற்பதால் விளையும் ஆற்றல் குறைவை அது அளக்கிறது.

பரிமாற்ற ஆற்றலுக்கு மற்றொரு பணியும் உண்டு. எலக்ட்ரான் அடர்த்தியின் நிலைமின் விலக்கத்தைக் கணிக்கும்பொழுது, ஓர் எலக்ட்ரான் தன்னைத் தானே விலக்குவதாகவும் ஒரு பகுதி கணக்கில் நுழைந்துவிடுகிறது. ஹார்ட்ரீ–ஃபாக் முறையின் பரிமாற்றம் இப்பொய்ப் பகுதியைச் சரியாக நீக்கிவிடும். தோராய வாய்பாடுகள் அதை முழுமையாக நீக்குவதில்லை. எஞ்சிய தன்விலக்கம் எலக்ட்ரான்களைத் தேவைக்கு மேல் பரவச் செய்கிறது. பிற்காலத்தில் கலப்பு முறைக்கு இடமளித்த குறை இதுவே.

ஹார்ட்ரீ–ஃபாக் முறைக்கும் குறை உண்டு. எதிர்த் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து இயங்குவதை அது கருத்தில் கொள்வதில்லை. இவ்வாறு விடுபடும் ஆற்றலே ஒட்டுறவு ஆற்றல். அளவில் இது சிறியது. ஆயினும் வேதிப்பிணைப்பின் ஆற்றலோடு ஒப்பிடத்தக்கது. ஃபுளூரின் மூலக்கூறு நிலைத்திருக்காது என ஹார்ட்ரீ–ஃபாக் முறை கூறுவது இதனாலேயே.

1951இல் ஜான் ஸ்லேட்டர், ஹார்ட்ரீ–ஃபாக் பரிமாற்றத்தின் சிக்கலான கணக்கை எளிதாக்கும் பொருட்டு, அடர்த்தியின் கனமூலத்தைச் சார்ந்த ஒரு சராசரிப் பரிமாற்ற அழுத்தத்தை முன்வைத்தார். பின்னர் இதனுடன் ஆல்ஃபா என்னும் மாற்றத்தக்க அளவுரு சேர்க்கப்பட்டு எக்ஸ்–ஆல்ஃபா முறை உருவாயிற்று. அணுதோறும் ஆல்ஃபாவின் மதிப்பு வேறுபட்டது. கணிப்பு முறைக்குள் பொருத்தி அமைக்கப்படும் எண் ஒன்று நுழைவது கோட்பாடா, கைவினையா என்னும் ஐயம் அப்பொழுதே எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐயம் மீண்டும் தலைதூக்கியது.

கோன்–ஷாம் அடித்தளம்

1964இல் பியர் ஹோஹன்பெர்க்கும் வால்டர் கோனும் வெளியிட்ட கட்டுரை, எலக்ட்ரான் தொகுதியொன்றின் தாழ்ந்த ஆற்றல் நிலை அதன் அடர்த்தியால் முழுமையாக உறுதி செய்யப்படுகிறது என்று நிறுவியது. 1965இல் கோனும் லூ ஜெ ஷாமும் அதை நடைமுறைக் கணிப்பு முறையாக மாற்றினர். ஒன்றோடொன்று வினைபுரியாத கற்பனை எலக்ட்ரான்களைக் கொண்டு உண்மையான அடர்த்தியைப் பெறுவது இம்முறையின் உத்தி. அறியப்படாத அனைத்தும் பரிமாற்ற–ஒட்டுறவு ஆற்றல் என்னும் ஒரே உறுப்பினுள் அடக்கப்பட்டன. அவ்வுறுப்பை, ஒவ்வொரு புள்ளியிலும் சீரான எலக்ட்ரான் வாயுவின் மதிப்பைக் கொண்டு நிரப்புவது உள்ளிட அடர்த்தித் தோராயம்.

அதே 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில், பரிமாற்றத்தை ஹார்ட்ரீ–ஃபாக் வடிவிலேயே வைத்துக்கொண்டு ஒட்டுறவை மட்டும் அடர்த்தியிலிருந்து பெறும் மற்றொரு வழியும் சுட்டப்பட்டிருந்தது. துல்லியமான பரிமாற்றத்தைக் கோட்பாட்டினுள் கொணர்வது பிற்காலத்தார் இழைத்த வழுவன்று. மூலக் கட்டுரையிலேயே அதற்கு வாயில் திறந்திருந்தது. கில்லின் இரங்கற்குறிப்பை மதிப்பிடும்பொழுது இச்செய்தி நினைவில் கொள்ளத்தக்கது. ஆயினும் முழுப் பரிமாற்றத்தையும் உள்ளிட ஒட்டுறவையும் சேர்த்தபொழுது மூலக்கூறுகளுக்கு நல்ல விடை கிட்டவில்லை. தோராயப் பரிமாற்றத்தின் பிழையும் தோராய ஒட்டுறவின் பிழையும் எதிரெதிர்த் திசையில் அமைந்து ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்து வந்தன. ஒன்றை மட்டும் திருத்தியதும் அவ்வீடு குலைந்தது.

1980இல் டேவிட் செப்பர்லியும் பெர்னி ஆல்டரும் சீரான எலக்ட்ரான் வாயுவின் ஆற்றலைக் குவாண்டம் மான்டே கார்லோ முறையில் கணித்தனர். அதே ஆண்டில் வோஸ்கோ, வில்க், நுசேர் ஆகிய மூவர் ஒட்டுறவு ஆற்றலுக்கான வாய்பாடுகளை வெளியிட்டனர். அக்கட்டுரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்பாடுகள் எண்ணிடப்பட்டு இடம்பெற்றிருந்தன. அவற்றுள் மூன்றாவது, தோராயமான ஒரு பழைய கணிப்புக்குப் பொருத்தப்பட்டது; ஐந்தாவது, செப்பர்லி–ஆல்டர் மதிப்புகளுக்குப் பொருத்தப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எதிர்பாராத குழப்பத்திற்குக் காரணமாயிற்று.

சாய்வுத் திருத்தம்

உள்ளிட அடர்த்தித் தோராயம் திண்மநிலை இயற்பியலருக்குப் பயன்பட்ட அளவிற்கு வேதியியலருக்குப் பயன்படவில்லை. ஆக்சிஜன் மூலக்கூறை இரு அணுக்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 121 கிலோ கலோரி. உள்ளிடத் தோராயம் தரும் மதிப்பு 175. ஹார்ட்ரீ–ஃபாக் தரும் மதிப்பு 33. ஒன்று மிகையாகவும் மற்றொன்று மிகக் குறைவாகவும் பிழைபடுகின்றன. வேதியியலர் ஏற்கும் பிழையளவு மோலுக்கு 1 அல்லது 2 கிலோ கலோரி.

அடர்த்தியின் மதிப்போடு அது வெளியில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்னும் சாய்வையும் சேர்ப்பது அடுத்த படி. 1988இல் பெக்கி வெளியிட்ட பரிமாற்றச் சார்பியம், அணுவிலிருந்து தொலைவில் பரிமாற்ற ஆற்றல் அடர்த்தி எவ்வாறு தேயவேண்டும் என்னும் நிபந்தனையை நிறைவு செய்தது. அதிலுள்ள ஒரே அளவுரு ஹீலியம் முதல் ரேடான் வரையிலான ஆறு மந்த வாயு அணுக்களுக்குப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் வட கரோலினாவில் செங்தே லீ, வெய்தாவ் யாங், ராபர்ட் பார் ஆகியோர், கோலே–சால்வெட்டியின் 1975ஆம் ஆண்டு வாய்பாட்டை அடர்த்தியின் மொழியில் திருப்பி எழுதி ஒட்டுறவுச் சார்பியமாக்கினர். அவ்வாய்பாட்டின் அளவுருக்கள் ஹீலியம் அணுவிலிருந்து பெறப்பட்டவை.

இக்காலத்தில் ஜான் போப்பிள் குழுவினர் ஜி1, ஜி2 என்னும் உயர்நுட்ப அலைச்சார்பு முறைகளை உருவாக்கி, அவற்றைச் சோதிக்க நன்கு அளந்தறியப்பட்ட ஆற்றல் மதிப்புகளின் தொகுப்பொன்றையும் அமைத்தனர். 1991ஆம் ஆண்டின் ஜி2 தொகுப்பில் 55 அணுவாக்கல் ஆற்றல்கள், 38 அயனியாக்கும் ஆற்றல்கள், 25 எலக்ட்ரான் நாட்டங்கள், 7 புரோட்டான் நாட்டங்கள் என 125 மதிப்புகள் இருந்தன. அலைச்சார்பு முறையைச் சோதிக்க உருவான இவ்வளவுகோலே, அதன் போட்டிக் கோட்பாட்டை உரசிப் பார்க்கும் கல்லாகவும் ஆயிற்று. ஒரு சார்பியம் மற்றொன்றைவிடச் சிறந்தது என எண்ணால் சொல்லும் வழக்கம் இங்கிருந்தே வலுப்பெற்றது.

1993: பாதியும் ஐந்தில் ஒன்றும்

1992ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் சாய்வுத் திருத்தத்தைச் சோதித்த பெக்கி, துல்லியமான பரிமாற்றத்தின் துணையின்றி மேலும் முன்னேற்றம் காண இயலாது என்னும் முடிவுக்கு வந்தார். அதற்கு அவர் கையாண்ட கோட்பாட்டுக் கருவி 1970களில் ஹாரிஸ்–ஜோன்ஸ், லாங்ரெத்–பெர்டியூ, குன்னார்சன்–லுண்ட்குவிஸ்ட் ஆகியோர் வகுத்த இணைப்பு வாய்பாடு. எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தைச் சுழியிலிருந்து முழு அளவு வரை சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்வதாகக் கொள்ளலாம். அவ்வாறு செல்லும்பொழுது அடர்த்தி மாறாதிருந்தால், வழிநெடுகிலும் பெறும் ஆற்றலின் சராசரியே உண்மையான பரிமாற்ற–ஒட்டுறவு ஆற்றல். தொடக்க முனையில் விலக்கம் இல்லை. அங்குள்ளது தூய பரிமாற்றம் மட்டுமே. அம்முனையில் உள்ளிடத் தோராயம் நம்பத்தக்கதன்று. முழு விலக்கம் உள்ள மறுமுனையில் அது ஓரளவு நம்பத்தக்கது.

இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் சராசரி என்பது ஒவ்வொன்றிலும் பாதி. 1993இன் தொடக்கத்தில் பெக்கி வெளியிட்ட ‘பாதிக்குப் பாதி’ முறையின் தருக்கம் இதுவே. இங்கு எண் எதற்கும் பொருத்தப்படவில்லை. நேர்கோடு என்னும் எளிய கருதுகோளிலிருந்து தானே விளைந்தது.

சில மாதங்களில் அதே இதழில் வெளியான அடுத்த கட்டுரை வேறு பாதையில் சென்றது. உள்ளிடத் தோராயத்திலிருந்து எவ்வளவு பங்கைத் துல்லியமான பரிமாற்றத்தால் மாற்றுவது, பரிமாற்றச் சாய்வுத் திருத்தத்தில் எவ்வளவு சேர்ப்பது, ஒட்டுறவுச் சாய்வுத் திருத்தத்தில் எவ்வளவு சேர்ப்பது என்னும் மூன்று அளவுருக்களும் சோதனைத் தரவுக்குப் பொருந்துமாறு கணிக்கப்பட்டன. 56 அணுவாக்கல் ஆற்றல்கள், 42 அயனியாக்கும் ஆற்றல்கள், 8 புரோட்டான் நாட்டங்கள், 10 அணுக்களின் மொத்த ஆற்றல்கள் ஆகியன அத்தரவு. கிடைத்த மதிப்புகள் முறையே 0.20, 0.72, 0.81. அணுவாக்கல் ஆற்றல்களில் சராசரிப் பிழை மோலுக்கு 2.4 கிலோ கலோரியாகக் குறைந்தது.

இவ்வகையில், இணைப்பு வாய்பாடு கலப்பதற்குக் காரணம் தந்தது. எவ்வளவு கலப்பது என்பதைத் தரவே தீர்மானித்தது. பெக்கியே தம் முறையை அரைப்பட்டறிவு முறை என்று வகைப்படுத்தினார். பட்டறிவுக் கூறை அவர் மறைக்கவில்லை. பிற்காலப் பயன்பாட்டாளர் பலர்க்கு 0.20 என்பது இயற்கை மாறிலியைப் போல் தோன்றலாயிற்று என்பதே கவனிக்கத்தக்கது.

இக்கலப்பு பயனளித்ததற்கான எளிய விளக்கம் இரு முறைகளின் பிழைகளும் எதிரெதிராக அமைவதில் உள்ளது. ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரியும்பொழுது கடக்கவேண்டிய ஆற்றல் தடை மோலுக்கு ஏறத்தாழ 9.6 கிலோ கலோரி. ஹார்ட்ரீ–ஃபாக் முறை இதை இரு மடங்கிற்குச் சற்றுக் குறைவாக மிகைப்படுத்துகிறது. உள்ளிடத் தோராயமோ தடையே இல்லை என்கிறது. மெய்ம்மை இடையில் இருக்கையில் கலப்பு அதை நெருங்குவது வியப்பன்று. ஆயினும் ஒவ்வொரு பண்பிற்கும் மெய்ம்மை அதே விழுக்காட்டுப் புள்ளியில்தான் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

1994: பி3எல்ஒய்பி பிறந்த இடம்

பி3எல்ஒய்பி என்னும் பெயருடைய சார்பியம் பெக்கியின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லை. பெக்கி பயன்படுத்திய ஒட்டுறவுச் சார்பியம் பெர்டியூ–வாங் 1991, லீ–யாங்–பார் அன்று. அவர் கணித்த நிரல், காஸியன் வகை அடிப்படைச் சார்புகள் எதையும் பயன்படுத்தாமல் எண்முறையில் சமன்பாடுகளைத் தீர்ப்பது. உள்ளிடத் தோராயத்தில் கிடைத்த அடர்த்தியின் மீது புதிய ஆற்றல் வாய்பாட்டைப் பொருத்திப் பார்த்ததே அவர் கையாண்ட வழி.

இன்று வழங்கும் வடிவம் 1994இல் ஸ்டீஃபன்ஸ், டெவ்லின், சபலவ்ஸ்கி, ஃபிரிஷ் ஆகிய நால்வரின் கட்டுரையில் அச்சேறியது. அக்கட்டுரையின் நோக்கம் புதிய சார்பியத்தை நிறுவுவதன்று. வலக்கை, இடக்கை போல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத கைரல் மூலக்கூறுகள் இடஞ்சுழி ஒளியையும் வலஞ்சுழி ஒளியையும் வேறுபட்ட அளவில் உட்கவர்கின்றன. 4-மெத்தில்-2-ஆக்சிட்டனோன் என்னும் சிறு மூலக்கூறின் அகச்சிவப்பு நிறமாலையில் அவ்வேறுபாட்டைக் கணித்துச் சோதனையோடு ஒப்பிடுவதே அவர்களின் குறிக்கோள். அதன் பொருட்டுப் பெக்கியின் மூன்று எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஒட்டுறவுப் பகுதியில் மட்டும் லீ–யாங்–பார் சார்பியத்தை அமைத்தனர். அச்சார்பியத்திலிருந்து உள்ளிடப் பகுதியைத் தனியே பிரிக்க இயலாமையால் 0.81 பங்கு லீ–யாங்–பார், 0.19 பங்கு வோஸ்கோ–வில்க்–நுசேர் என ஒட்டுறவு பகுக்கப்பட்டது.

இங்கு மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. ஒட்டுறவுச் சார்பியம் மாறியது. கணிப்பு நிரல் மாறியது. அடர்த்தி தன்னிணக்கமாகக் கணிக்கப்பட்டது. ஆனால் வேறொரு சூழலுக்குப் பொருத்தப்பட்ட மூன்று எண்களும் மறுபொருத்தமின்றித் தொடர்ந்தன. அவை புதிய சூழலிலும் நன்கு பயன்பட்டமை, முன்கூட்டி உறுதி செய்ய இயலாத நற்பேறு.

நான்காவதாக ஒன்றும் நிகழ்ந்தது. அக்கட்டுரை வோஸ்கோ–வில்க்–நுசேர் என்று குறித்ததேயன்றி, 1980ஆம் ஆண்டுக் கட்டுரையின் எந்த வாய்பாடு என்று தெளிவுபடுத்தவில்லை. காஸியன் நிரலில் அப்பெயர் மூன்றாவது வாய்பாட்டைக் குறித்தது. வேறு நிரல்களை எழுதியோர் செப்பர்லி–ஆல்டர் மதிப்புகளுக்குப் பொருந்தும் ஐந்தாவதே உரியது எனக் கொண்டனர். விளைவாக, பி3எல்ஒய்பி என்னும் ஒரே பெயரில் இரண்டு சார்பியங்கள் உலவின. 1997இல் ஹெர்ட்விக்கும் கோக்கும் இவ்வேறுபாட்டையே பொருளாகக் கொண்டு, பெக்கி-3-எல்ஒய்பி என்பது எது என்னும் வினாவைத் தலைப்பிலேயே எழுப்பி ஒரு கட்டுரை வெளியிட்டனர். மொத்த ஆற்றல்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது; ஆற்றல் வேறுபாடுகளை நோக்கும்பொழுது பெரும்பகுதி நீங்கியது. ஆர்கா நிரல் ஐந்தாவது வாய்பாட்டை இயல்பாகக் கொண்டு, காஸியன் வடிவத்திற்குத் தனிப் பெயர் வழங்கி வருவது இக்குழப்பத்தின் எச்சம்.

கோட்பாட்டு நோக்கில் மூன்றாவது வாய்பாட்டைவிட ஐந்தாவது செம்மையானது. ஆயினும் மிகுதியான ஆய்வாளர் பயன்படுத்திய நிரலில் மூன்றாவது இருந்தமையால் அதுவே மேற்கோள் வடிவமாயிற்று. இங்கு நிலைபெற்றது கோட்பாட்டின் தீர்ப்பன்று, நிரலின் தீர்ப்பு.

1996: கால் பங்கிற்கு ஒரு காரணம்

பொருத்தி அமைத்த எண்களில் மனநிறைவு கொள்ளாதோருள் முதன்மையானவர் ஜான் பெர்டியூ. 1996இல் அவரும் கீரோன் பர்க், மத்தியாஸ் எர்ன்சர்ஹோஃப் ஆகியோரும் சோதனைத் தரவுக்குப் பொருத்தப்படாத பிபிஇ சார்பியத்தை வெளியிட்டனர். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு அது தந்த மதிப்பு 144. உள்ளிடத் தோராயத்தினும் நல்லது. எனினும் 121இலிருந்து தொலைவில் உள்ளது.

அதே ஆண்டில் அம்மூவரும் கலப்பிற்கான நியாயத்தை ஆராய்ந்தனர். தோராயச் சார்பியத்தின் பிழை, விலக்கம் இல்லாத தொடக்க முனையிலிருந்தே பெரும்பாலும் வருகிறது எனக் கொண்டால், அப்பிழை மறுமுனையை நோக்கி எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதே வினா. பாதிக்குப் பாதி முறை அத்தேய்வை நேர்கோடு எனக் கொண்டது. இவர்களோ அதை ஓர் அடுக்கு வளைகோடாகக் கொண்டு, கலப்புப் பங்கு n-இல் ஒன்று என வருவித்தனர். படிப்படியாகத் திருத்தங்களைக் கூட்டும் உலைவு முறையில் எந்தப் படி வரை சென்றால் விடை மெய்ம்மையை எட்டுமோ, அப்படியே n. வழக்கமான மூலக்கூறுகளின் அணுவாக்கல் ஆற்றலுக்கு நான்காம் படி போதும். எனவே கலப்புப் பங்கு நான்கில் ஒன்று.

1999இல் அடாமோவும் பரோனேயும் இக்கால் பங்கைப் பிபிஇ சார்பியத்தோடு சேர்த்து, மாற்றத்தக்க அளவுருக்கள் அற்றது என்னும் அடைமொழியுடன் பிபிஇ0 என்று வழங்கினர். அதே ஆண்டில் எர்ன்சர்ஹோஃபும் ஸ்குசேரியாவும் அதே வடிவத்தைச் சோதித்தனர்.

இந்நியாயத்தின் வலுவும் வரம்பும் ஒருசேர நோக்கத்தக்கன. 1993இன் பொருத்தம் 0.20 எனத் தந்திருந்தது. 1996இல் பெக்கியே வெளியிட்ட ஓரளவுருச் சார்பியம் 0.28 எனத் தந்தது. இவற்றின் இடையே 0.25 அமைவது தற்செயலன்று. ஏற்கெனவே பயனளித்த எண்ணுக்குப் பின்னர்க் காரணம் கண்ட முயற்சி அது. மேலும் n என்பது நான்கே என்று அவர்கள் அறுதியிடவில்லை. ஒட்டுறவு வலுத்த தொகுதிகளில் அது மாறும் என்றும், அதை ஒட்டுறவின் அளவுகோலாகவே கொள்ளலாம் என்றும் அவர்கள் குறித்திருந்தனர். பயன்பாட்டில் நிலைத்தது கால் பங்கு. உடனிருந்த நிபந்தனை மங்கிப்போயிற்று.

திண்மங்களில் கலப்பு

மூலக்கூறுகளில் வெற்றி பெற்ற முறை திண்மங்களுக்குள் நுழைவதில் இடர்ப்பாடு இருந்தது. துல்லியமான பரிமாற்றம் நெடுந்தொலைவு வரை நீள்வது. முடிவின்றித் தொடரும் படிகத்தில் அதைக் கணிப்பது பெருஞ்செலவுடையது. உலோகங்களிலோ அது பிழையான விளைவுகளையும் தரும். எலக்ட்ரான்கள் ஒன்றின் விலக்கத்தை மற்றொன்றிலிருந்து மறைக்கும் திரையிடலை அது அறியாது.

2003இல் ஹெய்ட், ஸ்குசேரியா, எர்ன்சர்ஹோஃப் ஆகியோர் பரிமாற்றத்தைக் குறுந்தொலைவு, நெடுந்தொலைவு என இரு கூறாக்கினர். குறுந்தொலைவுக் கூறில் மட்டும் கால் பங்கு துல்லியமான பரிமாற்றம் சேர்க்கப்பட்டது. நெடுந்தொலைவுக் கூறு முழுவதும் பிபிஇ வடிவிலேயே விடப்பட்டது. இதன் பயன் குறைக்கடத்திகளில் வெளிப்பட்டது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி தாழ்வெப்பநிலையில் 1.17 எலக்ட்ரான் வோல்ட். உள்ளிடத் தோராயம் தருவது அதில் ஏறத்தாழப் பாதி. ஹார்ட்ரீ–ஃபாக் தருவது 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். எச்எஸ்இ முறை சோதனை மதிப்பை நெருங்கியது. 2005இல் 40 குறைக்கடத்திகளைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலும் எழுத்திற்கும் நிரலிற்கும் இடையே ஒரு விலகல் நேர்ந்தது. இரு கூறுகளையும் பிரிக்கும் அளவுரு 0.15 என்று 2003ஆம் ஆண்டுக் கட்டுரை கூறியது. நிரலில் உண்மையில் பயன்பட்டதோ ஹார்ட்ரீ–ஃபாக் பகுதிக்கு ஏறத்தாழ 0.106, பிபிஇ பகுதிக்கு ஏறத்தாழ 0.189 என இரு வேறு மதிப்புகள். 2006இல் ஆசிரியர்களே திருத்தக் குறிப்பு வெளியிட்டு இதைத் தெளிவுபடுத்தினர். அதே ஆண்டில் குருகாவ் முதலியோர் இரு பகுதிகளுக்கும் பொதுவாக 0.11 என்னும் மதிப்பைப் பரிந்துரைத்தனர். பழைய வடிவம் எச்எஸ்இ03 என்றும் புதியது எச்எஸ்இ06 என்றும் பிரித்து வழங்கப்படுகின்றன. பி3எல்ஒய்பியின் குழப்பத்தை வெளியார் சுட்டினர். எச்எஸ்இயின் விலகலை ஆக்கியோரே திருத்தினர். இரண்டிலும் தெளிவாவது ஒன்றே: அச்சிட்ட வாய்பாடும் இயங்கிய வாய்பாடும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரே எண்ணின் போதாமை

2000க்குப் பின் வந்த ஆய்வுகள் கலப்புப் பங்கின் பொதுமையைக் கேள்விக்குள்ளாக்கின. இரும்புச் சேர்மங்களில் தாழ்தற்சுழற்சி, உயர்தற்சுழற்சி நிலைகளுள் எது தாழ்ந்த ஆற்றல் உடையது என்பது கலப்புப் பங்கைப் பொறுத்தே மாறிவிடுவதைக் கண்ட ரைஹர், சாலமன், ஹெஸ் ஆகியோர் 2001இல் அதை 0.20இலிருந்து 0.15ஆகக் குறைத்தனர். 2004இல் யானாய், டியூ, ஹாண்டி ஆகியோர் தொலைவு கூடக்கூடப் பங்கும் கூடும் கேம்–பி3எல்ஒய்பியை வெளியிட்டனர். எச்எஸ்இ தொலைவில் பங்கை நீக்கியது. இது தொலைவில் கூட்டியது. ஒன்று திண்மத்திற்கும் மற்றொன்று மூலக்கூறுகளின் மின்னேற்றப் பெயர்வுக்கும் உரியதாதலின் இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. ஜாவோ, ட்ரூலர் ஆகியோரின் எம்06 குடும்பத்தில் 27 விழுக்காடு, 54 விழுக்காடு, 100 விழுக்காடு என வெவ்வேறு பங்குகளைக் கொண்ட உறுப்பினர்கள் இடம்பெற்றனர்.

உலோகங்களில் பி3எல்ஒய்பி தவறுவது ஏன் என்பதை 2007இல் பையர், மார்ஸ்மன், கிரெஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். ஹீலியம் அணுவில் வேரூன்றிய லீ–யாங்–பார் ஒட்டுறவு, சீரான எலக்ட்ரான் வாயுவிற்குரிய மதிப்பை எட்டுவதில்லை என்பதை அவர்கள் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினர். பிறந்த சூழலின் தடம் பயன்பாட்டின் எல்லையாக வெளிப்பட்டதற்கு இது தக்க சான்று.

பின்னர்த் திண்மத்தின் மின்கடத்தாப் பண்பிலிருந்தே பங்கைப் பெறும் முயற்சிகளும் எழுந்தன. உயர் அதிர்வெண் மின்கடத்தா மாறிலியின் தலைகீழே கலப்புப் பங்கு என்பது அவற்றின் கருத்து. அதன்படி கால் பங்கு, மாறிலி 4 உடைய பொருளுக்குரியது. மாறிலி ஏறத்தாழ 12 உடைய சிலிக்கானுக்குப் பன்னிரண்டில் ஒன்றே உரியது. இந்நோக்கில் பங்கு என்பது கோட்பாட்டின் மாறிலியன்று, பொருளின் பண்பு.

2017இல் மெத்வெதேவ் முதலியோர் சயின்ஸ் இதழில், 128 சார்பியங்கள் தரும் எலக்ட்ரான் அடர்த்தியை அணுக்களிலும் அயனிகளிலும் சோதித்தனர். ஆற்றல் மதிப்புகள் தொடர்ந்து செம்மைப்பட்டு வந்தாலும், அடர்த்தியின் செம்மை 2000களின் தொடக்கத்திற்குப் பின் பின்னடைந்தது என்பது அவர்களின் முடிபு. தரவுக்கு மிகையாகப் பொருத்துவதே காரணம் என்றனர். ஒருசில சிறு அணுக்களைக் கொண்டு இத்தகைய முடிபுக்கு வரலாமா என்னும் மறுப்பும் எழுந்தது. ஆல்ஃபா அளவுருக் காலத்து ஐயமே புதிய சான்றுகளுடன் மீண்டும் விவாதத்திற்கு வந்தது.

முடிவுரை

கலப்புப் பரிமாற்றச் சார்பியங்களின் வரலாற்றை நோக்கும்பொழுது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கலக்கவேண்டும் என்பதற்குக் கோட்பாட்டுக் காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அதற்கான வித்து உள்ளது. எவ்வளவு கலப்பது என்பதற்கோ தரவு, காரணம், வழக்கம் என்னும் மூன்றும் வெவ்வேறு காலங்களில் விடை கூறின. 0.20 வேறொரு ஒட்டுறவுச் சார்பியத்திற்கும் வேறொரு நிரலுக்கும் உரியதாகப் பிறந்து இடம்பெயர்ந்தது. 0.25 வழக்கமான மூலக்கூறுகளுக்கான மதிப்பீடாகப் பிறந்து எல்லாப் பொருளுக்கும் பொதுவாயிற்று.

பீட்டர் கில்லின் அங்கதம் இவ்வகையில் பாதி உண்மை. 1993இல் மறைந்தது கோட்பாடன்று. அடர்த்தி மட்டுமே போதும் என்னும் நம்பிக்கை. கோனும் போப்பிளும் 1998இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டமை, இரு மரபுகளும் ஒரே கருவியில் கலந்த காலத்தின் அடையாளமாகவும் கொள்ளத்தக்கது.

ஆய்வேடுகளுக்கு இவ்வரலாறு உணர்த்தும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. ‘பி3எல்ஒய்பி முறையில் கணிக்கப்பட்டது’ என்னும் ஒற்றைத் தொடர் போதிய பதிவன்று. எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த ஒட்டுறவு வாய்பாடு, கலப்புப் பங்கு எவ்வளவு, பிரிப்பு அளவுரு எவ்வளவு என்பனவும் பதிவாக வேண்டும். ஆய்வுக்குரிய பண்பு கலப்புப் பங்கை மாற்றினால் எவ்வளவு மாறுகிறது என்பதையும் காட்டினால், பெற்ற முடிவில் பொருளுக்குரியது எது, எண்ணுக்குரியது எது என்பது தெளிவாகும். இரும்புச் சேர்மங்களின் சான்று காட்டுவதுபோல், சிலவிடங்களில் அவ்வேறுபாட்டிலேயே ஆய்வின் முடிபு அடங்கியுள்ளது.